சார்ஜ் கொடுப்பதும் எடுப்பதும்: ஒரு கல்லூரி நூலகத்தில் பொறுப்பு கைமாறியபோது

நூலகர் எப்போது ஓய்வு பெறுவார் என்பது பணிப்பதிவேட்டைத் திறந்தாலே தெரியும். அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் ஓய்வு வயது 2020-இல் 59 ஆகி, 2021-இல் 60 ஆனதைத் தவிர அதில் எதிர்பாராதது எதுவும் இல்லை. ஆனாலும் பல கல்லூரிகளில் நடப்பது ஒன்றுதான். கடைசி நாள் மாலை சால்வை, சாவிக்கொத்து, நான்கு வரியில் ஒப்படைப்புக் கடிதம். மறுநாள் முதல் ஏதோ ஒரு துறையின் உதவிப் பேராசிரியர் இன்சார்ஜ். புது நூலகர் வந்து சேரும்போது, சார்ஜ் கொடுக்க வேண்டியவர் பேரன் பேத்தியோடு வேறு ஊரில் இருப்பார்.

சேலத்தில், ஐம்பதாயிரத்துக்குக் குறைவான நூல்கள் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரி நூலகத்தில் பொறுப்பு மாற்றத்தை நாங்கள் செய்து முடித்த முறை இது. பழையவரும் புதியவரும் ஒரே நேரத்தில் நாற்காலியில் இருக்கும் காலம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால், இரண்டாம் இடத்தில் இருக்கும் நூலக உதவியாளரை ஓராண்டுக்கு முன்பே தயார் செய்ய வேண்டும்.

எல்லோரும் ஸ்டாக் வெரிஃபிகேஷனில் ஆரம்பிக்கிறார்கள். நாங்கள் கடவுச்சொற்களில் ஆரம்பித்தோம். புத்தகம் குறைந்தால் ஆடிட் வரும்போதுதான் பேச்சு வரும். ஓடிபி பழைய நூலகரின் சொந்த செல்போனுக்குப் போனால் மறுநாள் காலையே வேலை நின்றுவிடும். நூலக மென்பொருளான கோஹாவின் சர்வர், அதன் டேட்டாபேஸ், எல்லா உரிமையும் உள்ள சூப்பர்லைப்ரரியன் கணக்கு, மின்னூல்களும் மின்னிதழ்களும் தரும் என்-லிஸ்ட், நூலகங்களை இணைக்கும் டெல்நெட், நூலக மின்னஞ்சல், சிசிடிவி, வருகைப்பதிவு மென்பொருள் என்று எழுதிப் பார்த்தால் பட்டியல் நீளும். பாதிக்கு மேல் ஒரு தனிநபரின் ஜிமெயிலில் தொங்கிக்கொண்டிருக்கும். கல்லூரிப் பெயரில் ஒரு மின்னஞ்சல், கல்லூரிப் பெயரில் ஒரு சிம், அது நூலக அலுவலகத்திலேயே இருக்கும் ஒரு சாதாரண போனில். ஒவ்வொரு கணக்கின் மீட்பு எண்ணையும் இதற்கு மாற்றி, புதியவர் கையாலேயே லாகின் செய்து பார்த்த பிறகுதான் அந்த வரிக்கு டிக். மின்வளச் சேவைகளில் பொறுப்பாளர் பெயரை மாற்ற முதல்வர் கையெழுத்திட்ட கடிதத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால் அலைச்சல் மிச்சம். சர்வர் கடவுச்சொற்கள் மட்டும் ஒட்டிய உறையில், மடிப்பின் மேல் இருவர் கையெழுத்தோடு, முதல்வர் அறை பீரோவில்.

அடுத்தது பேக்கப். உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளங்களில் தொகுப்பாக நிறுவிய கோஹா தினமும் தானாகவே பேக்கப் எடுக்கும். ஆனால் அமைப்பை மாற்றாமல் விட்டால் இரண்டு நாள் பிரதிதான் தங்கும், அதுவும் அதே ஹார்டு டிஸ்கில். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். ‘பேக்கப் இருக்கிறது’ என்று ஒப்படைப்புப் பட்டியலில் எழுதுவதில் பொருளே இல்லை. ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதே பதிப்பு கோஹாவை நிறுவி, பேக்கப்பை ரெஸ்டோர் செய்து, மொத்தப் பிரதிகள், உறுப்பினர் எண்ணிக்கை, கடைசியாக இஷ்யூ ஆன புத்தகம் ஆகிய மூன்றும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் புதியவரே தொடங்கி முடிக்கட்டும். பழையவர் பக்கத்தில் உட்காரலாம், மவுஸைத் தொடக்கூடாது.

கோஹா காலண்டர் வெளியூரிலிருந்து வருபவர்களைக் கட்டாயம் ஏமாற்றும். அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் ஏற்றிவிட்டதாக நினைப்பார்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடும்போது அது அந்தப் பட்டியலில் இருக்காது. ஏற்றாவிட்டால் திருப்பித்தரும் தேதி அந்த நாளிலேயே விழும், பூட்டிய நூலகத்துக்காக மாணவர் அபராதம் கட்ட வேண்டி வரும், கவுண்டரில் சண்டை வரும். கலெக்டர் அறிவிப்பு வந்த அன்றே காலண்டரில் போடுவது யார் பொறுப்பு என்று பெயர் குறித்து எழுதி வைத்தோம்.

பார்கோடிலும் ஒரு பழைய தொல்லை உண்டு. லேபிளில் 00874 என்று இருக்கும், டேட்டாபேஸில் 874 என்று ஏறியிருக்கும். ஸ்கேன் செய்தால் அப்படி ஒரு புத்தகமே இல்லை என்று வரும். பழைய ஆட்களுக்கு இது பழகிப்போய், எண்ணைக் கையாலேயே தட்டிவிடுவார்கள். புதியவரோ புத்தகம் பதிவாகவில்லை என்று நினைத்து இரண்டாவது பதிவு போட்டுவிடுவார். சார்ஜ் மாறுவதற்கு முன்பே இதைச் சரிசெய்வது நல்லது. மேற்கு ஜன்னல் ஓர ரேக்குகளில் லேபிள் வெளுப்பதற்கு வேறு காரணம்: நேரடி வெப்ப அச்சு லேபிள் சேலத்து வெயிலுக்கு நிற்காது. ரிப்பன் போட்டு அச்சடிக்கும் லேபிள்தான் வேண்டும்.

இப்போது ஸ்டாக். புதியவர் கையில் முதலில் கொடுக்க வேண்டியது ரகசியப் பக்கத்தின் எண். அட்டை கிழிந்து, ஸ்பைன் லேபிள் உதிர்ந்து, முதல் தாளும் போன புத்தகத்தை அடையாளம் காட்டுவது உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் எழுதிய அக்சஷன் எண் (நூலகப் பதிவேட்டில் அந்தப் பிரதிக்குத் தந்த வரிசை எண்) மட்டுமே. பல நூலகங்களில் நூலகர் மாறும்போது இந்தப் பக்கமும் மாறியிருக்கும். எந்த அக்சஷன் எண் வரை எந்தப் பக்கம் என்று ஒரு சீட்டு வேண்டும். (எங்கள் பக்கத்தை இங்கே எழுதுவதாக இல்லை.) சரிபார்ப்புக்கு கோஹாவின் இன்வென்டரி கருவியே போதும்: ரேக் ரேக்காக ஸ்கேன் செய்து, வரிக்கு ஒரு பார்கோடாக டெக்ஸ்ட் கோப்பில் சேமித்து ஏற்ற வேண்டும். வெளியே இஷ்யூவில் உள்ளவற்றைத் தவிர்க்கும் தேர்வை டிக் செய்யாவிட்டால் அவையும் காணாமல் போனவையாகக் காட்டும், புதியவருக்குத் தூக்கம் போய்விடும். நன்கொடை நூல்களுக்கும், மாணவர்களுக்குப் பாடநூல்களை நீண்ட நாள் கடனாகத் தரும் புக் பேங்குக்கும் தனி எண் வரிசை இருந்தால் அவற்றைத் தனியாகச் சரிபாருங்கள்.

குறைவு எவ்வளவு வரை பரவாயில்லை என்ற கேள்விக்கு மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இன் 215-ஆம் விதி ஓர் அளவுகோல். மாநிலக் கல்லூரிகளை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் ஆடிட்டரிடம் எடுத்துக்காட்ட உதவும். இருபதாயிரம் நூல் வரை ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. அதற்கு மேல் ஐம்பதாயிரம் வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது. அதையும் தாண்டினால் மாதிரிச் சரிபார்ப்பு. ஆயிரத்துக்கு ஐந்து இழப்பு நியாயமானது என்பதைப் பலர் மொத்த இருப்புக்குக் கணக்கிடுகிறார்கள். விதி சொல்வது அந்த ஆண்டில் இஷ்யூ ஆன, எடுத்துப் படிக்கப்பட்ட நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து. அதுவும் கவனக்குறைவோ மோசடியோ இல்லாவிட்டால் மட்டும். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இந்தக் குறைவுப் பட்டியலில் பழையவர் கையெழுத்துப் போடாமல் புதியவர் சார்ஜ் எடுக்கவே கூடாது. இதில் தாட்சண்யம் பார்த்தால், பத்து வருடக் கணக்கு புதியவர் தலையில் விடியும்.

எங்கள் அனுபவத்தில் அதிகம் உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. அதற்கு விதிவிலக்கு நோட்டு என்று பெயர். ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்விக்குரிய பதில்கள் மட்டும் அதில் இருக்கும். ஓர் எடுத்துக்காட்டு: ஃபோர்ட்ரான், கோபால் (COBOL) ஆகிய பழைய கணினி மொழி நூல்கள் 001.6424 என்ற வகைப்பாட்டு எண்ணில், ஜாவா நூல்கள் 005.133-இல். நூலக அறிவியலில் எம்.லிப். முடித்து வந்த யாரும் முதல் பார்வையில் ரேக் கலைந்துவிட்டதாகத்தான் நினைப்பார்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் டியூயி வகைப்பாட்டின் 19-ஆம் பதிப்பில் கணினி நூல்கள் 001.6-இல் இருந்தன, 1989-இல் வந்த 20-ஆம் பதிப்பில் 004 முதல் 006 வரை நகர்ந்தன. பழையவற்றை யாரும் மாற்றி எழுதவில்லை, அவ்வளவுதான். முதல் கல்வியாண்டு முடியும் வரை வகைப்பாட்டில் எதையும் திருத்த வேண்டாம் என்று புதியவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

புதியவரை முதலில் கவுண்டரில் உட்கார வைப்பது பரவலான வழக்கம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. முதல் வாரம் ரேக்கில் புத்தகம் அடுக்கட்டும், பிறகு கவுண்டர், அதன் பிறகு டெக்னிக்கல் பிரிவு. அங்கே இருபது புதுப் புத்தகங்களைக் கொடுத்து, பில் சரிபார்ப்பது முதல் ரேக்கில் வைப்பது வரை ஒரே ஆளாகச் செய்யச் சொல்ல வேண்டும். சறுக்கும் இடம், கோஹாவில் ஒவ்வொரு பிரதியின் விவரமும் ஏறும் 952-ஆம் புலம். தள்ளுபடி போக வாங்கிய விலையை அதன் ஜி (g) கட்டத்தில் எழுதிவிட்டு, மாற்று விலைக்கான வி (v) கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். இயல்பு மாற்று விலையும் அமைத்திருக்காவிட்டால், புத்தகத்தைத் தொலைத்த மாணவரிடம் கோஹா கேட்கும் தொகை பூஜ்யம்.

ஜூலையில் சேர்பவர், பாக்கி இல்லை என்ற நோ டியூஸ் சான்றுக்கு வரும் மாணவர் கூட்டத்தை அடுத்த ஏப்ரலில்தான் பார்ப்பார். அதற்கு முன்பே ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு ஒத்திகை பார்க்க வேண்டும். புக் பேங்க் பாக்கி கோஹாவில் இல்லை, தனி லெட்ஜரில் இருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

ஏற்காட்டில் உள்ள நூலகங்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். சமவெளிப் பழக்கத்தில் காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள். மூடுபனி நேரத்தில் திறந்தால் பைண்டிங்கில் பூஞ்சை ஏறும். ரேக்கைச் சுவரை ஒட்டிப் போடக்கூடாது, அடித்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலாவது இருக்கட்டும்.

இதுவரை நூலகரைப் பற்றியே பேசினோம். பைண்டருக்குப் போன கட்டு எது, மாடிப்படி அடியில் இருக்கும் மூட்டையில் என்ன, எந்தத் துறைக்கு எந்த அலமாரி கடனாகப் போனது என்பதெல்லாம் தெரிந்தவர் அட்டெண்டர் அண்ணன். அவரும் ஓய்வு பெறுவார். அவரோடு ரேக் ரேக்காக நடந்து, அவர் சொல்வதை போனில் பதிவு செய்து, அன்று மாலையே விதிவிலக்கு நோட்டில் ஏற்றினோம்.

ஒப்படைப்புப் பட்டியல் மூன்று பிரதி: முதல்வருக்கு ஒன்று, பழையவருக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று. ஓய்வு பெற்றவரிடம் கேட்க வேண்டியதைப் புதியவர் மட்டும், வாரம் ஒருமுறை, சேர்த்து வைத்துக் கேட்கட்டும். ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் தட்டினால் இரண்டாவது மாதமே சாரோ மேடமோ போனை எடுக்க மாட்டார்கள். பதில் வந்ததும் தேதி போட்டு நோட்டில் எழுதிவிட வேண்டும்.