விரலுக்கு லேசாகச் சுற்றிய பேரிங்

இரண்டு சீட், நீண்ட பானெட், பின்சக்கர ஓட்டம், தரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் உடல். அந்த ஸ்போர்ட்ஸ் கார் முதல் தடவை எங்கள் பட்டறைக்கு வந்தபோது அதன் உரிமையாளர் சொன்னது ஒரே வரிதான்: "அண்ணே, இன்ஜின் கத்துது, வண்டி போகல." கிளட்ச் ஸ்லிப் ஆவதை, அதாவது இன்ஜின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பிளேட் பிடிக்காமல் வழுக்குவதை, இதைவிடச் சுருக்கமாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

ஓட்டிப் பார்த்தேன். இதற்கு முதல் கியரில் உறுமவிட்டுப் பிரயோஜனமில்லை. நான்காவது கியரில், இரண்டாயிரம் சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்த வேண்டும். பெரிய கியரில் இன்ஜினுக்குச் சக்கரத்தின் எதிர்ப்பு அதிகம். பலவீனமான கிளட்ச் அங்கேதான் தோற்கும். டேக்கோமீட்டர் முள் நாலாயிரத்துக்குத் துள்ளியது, வேகமானி இருந்த இடத்திலேயே நின்றது. கூடவே அந்த வாசனை. ஒரு தடவை முகர்ந்தவர் மறக்க மாட்டார்.

கியர்பாக்ஸை இறக்கினோம். இந்த வண்டியில் அது இன்ஜினுக்குப் பின்னால் நேராக இருந்ததால் எக்ஸாஸ்ட்டையும், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் கழற்றினால் போதும். ஸ்போர்ட்ஸ் கார் எல்லாமே இப்படி இருக்காது. போர்ஷே 944-இல் கியர்பாக்ஸ் பின் அச்சில் இருக்கும், கிளட்ச் முன்னால் இன்ஜினோடு இருக்கும். இரண்டையும் இணைக்கும் டார்க் டியூப் என்ற குழாயைப் பின்னுக்குத் தள்ளாமல் கிளட்ச்சைத் தொட முடியாது. ஆல்ஃபா ரோமியோ ஆல்ஃபெட்டாவில் கிளட்ச்சும் கியர்பாக்ஸோடு பின்னாலேயே போய்விட்டது. கிளட்ச் மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் வண்டி எது என்றுதான் கேட்பேன்.

உள்ளே பார்த்தால் காரணம் வெளிச்சமாகத் தெரிந்தது. இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து, கிளட்ச் பிளேட்டின் லைனிங் எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. கிராங்க் முனையில் இருக்கும் கனத்த சக்கரம்தான் ஃப்ளைவீல், பிளேட் அதன்மேல்தான் அழுந்தும். அதன் முகத்தில் நீலநிற வெப்பத் திட்டுகள், முடி மாதிரி மெல்லிய விரிசல்கள். பிளேட்டை மட்டும் மாற்றி வண்டியை அனுப்பினால் அதே எண்ணெய் புது பிளேட்டையும் தின்றுவிடும். ஆக சீல், பிளேட், பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எல்லாம் புதுசு. ஃப்ளைவீல் முகத்தை மெஷினில் கடைந்து சமமாக்கினோம்.

கிராங்க் முனையின் நடுவில் ஒரு சின்ன பேரிங் இருக்கும், பைலட் பேரிங். கியர்பாக்ஸிலிருந்து வரும் இன்புட் ஷாஃப்டின் நுனி அதில் உட்கார்ந்துகொள்ளும். அந்த இடம் முழுக்க எண்ணெயும் கிளட்ச் தூசியும் கலந்த சேறு. பிரேக் கிளீனர் டப்பாவை எடுத்து நன்றாக அடித்து, துணியால் துடைத்தேன். பளபளவென்று ஆனது. விரலை விட்டு பேரிங்கைச் சுற்றினேன். சத்தம் இல்லை, சொரசொரப்பு இல்லை, வெண்ணெய் மாதிரி சுற்றியது. "இது நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற மூத்த மெக்கானிக், "அதையும் மாத்திடு தம்பி" என்றார். அதற்கு பேரிங் வரவழைக்க ஒரு நாள் ஆகும் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்து வண்டி திரும்பி வந்தது. இந்த முறை புகார் வேறு. "காலையில நல்லா இருக்கு அண்ணே. ஒரு மணி நேரம் ஓட்டினா ரிவர்ஸ் போட முடியல, கரகரன்னு அரைக்குது." ஸ்லிப்புக்கு நேர் எதிரான நோய் இது. அங்கே கிளட்ச் பிடிக்கவில்லை, இங்கே விடவில்லை.

சூடானால் வரும் கோளாறு என்றதும் என் மனம் நேராக ஹைட்ராலிக்ஸ் பக்கம், அதாவது பெடல் அழுத்தத்தைத் திரவம் வழியாகக் கிளட்ச்சுக்குக் கடத்தும் அமைப்பின் பக்கம் போனது. பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 தரத் திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே ஓடும் குழாயில் குமிழி உண்டானால் பெடலை அழுத்தும் விசை குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். டப்பாவைத் திறந்தால் திரவமும் காப்பி நிறத்தில் இருந்தது. கேட்கவா வேண்டும்? மாற்றி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றி (பிளீட் செய்து), சந்தோஷமாக அனுப்பினேன். இரண்டு நாள் போன் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. அந்த இரண்டு நாளும் அவர் வண்டியை எடுக்கவே இல்லையாம்.

அடுத்து, திரவ அழுத்தத்தை வாங்கிக் கிளட்ச்சைத் தள்ளும் சிலேவ் சிலிண்டரின் ரப்பர்களை மாற்றினேன். அதுவும் வீண். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது: அளந்து பார்க்காமலே பொருள்களை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் முறையாக உட்கார்ந்தேன். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சிலேவ் சிலிண்டரின் தள்ளுதண்டு எவ்வளவு நகர்கிறது என்று ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். உதவிக்கு வந்த பையன் பெடலை மிதிக்க, குளிர்ந்த நிலையில் 15 மில்லிமீட்டர். கீழே இறக்கி ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, கை சுடச்சுட மறுபடி அளந்தேன். அதே 15. ஹைட்ராலிக்ஸ் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. பாவம், அதன்மேல் பழி போட்டேன்.

சூடு ஆறுவதற்குள் இன்னும் இரண்டு சோதனை. நியூட்ரலில் பெடலை முழுசாக மிதித்து, பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டேன். நல்ல கிளட்ச் என்றால் மூன்று நான்கு நொடியில் இன்புட் ஷாஃப்ட் சுற்றுவதை நிறுத்திவிடும், கியர் சத்தமில்லாமல் விழும். இது பத்துக்குப் பிறகும் அரைத்தது. அதாவது பெடல் கீழே இருக்கும்போதும் ஷாஃப்டை யாரோ சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்து சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, இன்ஜினை நிறுத்தி முதல் கியரில் போட்டு, பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தேன். சக்கரங்கள் சுற்றின. பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுவிட்டன, இன்ஜின் வேகம் இம்மியும் குறையவில்லை. பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இன்ஜின் திணறியிருக்கும். இது அவ்வளவு வலுவான பிடி இல்லை, மெல்லிய இழுப்பு.

பிரேக்கைப் பிடித்தபடி காதைக் கொடுத்தேன். சன்னமாக ஒரு கீச்சொலி. பெடலை மிதித்தால் வரும் சத்தம் என்றால் எல்லோரும் ரிலீஸ் பேரிங் என்பார்கள். ஆனால் ரிலீஸ் பேரிங் கெட்டால் நியூட்ரலிலும் கத்தும். இது கியரில் போட்டு ஷாஃப்டை நிற்கவைத்தால் மட்டும் கத்தியது. கிராங்க் சுற்ற, ஷாஃப்ட் நிற்க, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உழைப்பது ஒரே ஒரு பொருள்தான். வயிற்றில் சுருக்கென்றது.

மறுநாள் மறுபடியும் எக்ஸாஸ்ட், புரொப்பல்லர் ஷாஃப்ட், கியர்பாக்ஸ். பைலட் பேரிங் பழுப்பேறிக் காய்ந்து கிடந்தது. ஒரு துளி கிரீஸ் இல்லை. சூடானதும் இறுகி, கிராங்கோடு சேர்த்து இன்புட் ஷாஃப்டையும் இழுத்துச் சுற்றியிருக்கிறது. ஆறியிருந்ததால் விரலுக்கு இன்னமும் சுற்றத்தான் செய்தது, மணல் போட்ட மாதிரி. இன்புட் ஷாஃப்டின் நுனியில் உரசிப் பளபளத்த ஒரு வளையம். அப்போதுதான் அந்த பிரேக் கிளீனர் டப்பா நினைவுக்கு வந்தது. சேற்றோடு சேர்த்து பேரிங்குக்குள் இருந்த கிரீஸையும் நானே கழுவி வெளியேற்றியிருக்கிறேன். கிரீஸ் போன பேரிங் விரலுக்கு முன்பைவிட லேசாகத்தான் சுற்றும். நான் மெச்சிய வெண்ணெய் அதுதான்.

அதைப் பிடுங்குவதும் ஒரு வேடிக்கை. பின்னால் பிடித்து இழுக்க இடமில்லை. துளைக்குள் கிரீஸை அடைத்து, சரியாகப் பொருந்தும் ஒரு கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்தால், அழுத்தம் பின்னாலிருந்து பேரிங்கை வெளியே தள்ள வேண்டும். என் பேரிங் அசையவில்லை. கிரீஸ் இடுக்கு வழியாகப் பீறிட்டு என் சட்டையில் விழுந்தது. மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் காகிதத்தைத் தண்ணீரில் நனைத்து உருட்டிக் கொடுத்தார். ஈரக் காகிதம் இடுக்கில் கசியாது. நாலைந்து உருண்டை, நாலைந்து அடி. மில்லிமீட்டர் மில்லிமீட்டராக முன்னே வந்து, டப்பென்று தரையில் விழுந்து உருண்டது. "ஒரு நாள் மிச்சம் பண்ணினியே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஷாஃப்ட் நுனியை மைக்ரோமீட்டரில் அளந்தேன், தேய்மானம் பெரிதாக இல்லை. நைஸ் எமரியால் துடைத்து, புது பேரிங்கை வெளி வளையத்தில் மட்டும் அடி விழும்படி தட்டி ஏற்றினேன். பிளேட்டில் எண்ணெய் இல்லை, சீல் காய்ந்தே இருந்தது. முதல் வேலையில் அந்த மட்டிலாவது ஒழுங்கு.

உரிமையாளரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன், கூலி வாங்கவில்லை. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "அந்த பேரிங்கைக் கொடுங்க அண்ணே, பார்க்கலாம்" என்றார். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு சின்னதா?"

ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். திரும்பி வந்து வாசலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துக்கொண்டே பெடலை மிதித்தார். நான் மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். இரண்டு என்பதற்குள் ரிவர்ஸ் விழுந்துவிட்டது.