கிளிமஞ்சாரோ டிப்ஸ் கணக்கு

தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலை ஏறக் கிளம்புகிறவர்கள் ஷூவுக்கு ஆறு கடை ஏறி இறங்குவார்கள். டிப்ஸ் கணக்கை மட்டும் கடைசி ராத்திரி கூடாரத்தில் தலையில் மாட்டிய டார்ச் வெளிச்சத்தில் போடுவார்கள்.

பெரிய குழப்பம் இதுதான்: "தலைமை கைடுக்கு ஒரு நாளைக்கு 20 டாலர்" என்றால் நீங்கள் ஒருவரே தருவதல்ல, குழு மொத்தமும் சேர்ந்து தருவது. 4 பேர், மலை ஏறும் வழிகளில் ஒன்றான மச்சாமே பாதை, 7 நாள் என்று வையுங்கள். தலைமை கைடுக்கு 20, உதவி கைடுகள் இருவருக்குத் தலா 15, சமையல்காரருக்கு 15, சுமைதூக்கிகள் 12 பேருக்குத் தலா 8. ஒரு நாளைக்கு 161, மொத்தம் 1,127 டாலர். தலைக்குச் சுமார் 282. கட்டிய பேக்கேஜ் பணத்தில் இது பெரும்பாலும் சேராது.

மொத்தத்தையும் ஒரே கவரில் போட்டுத் தலைமை கைடிடம் நீட்டாதீர்கள். ஆளுக்கு இருபது கிலோ வரை சுமந்து, உங்களுக்கு முன்னே ஓடிப்போய்க் கூடாரம் போட்டவருக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பது அப்புறம் அந்தக் கைடின் மனசைப் பொறுத்தது. யாருக்கு எவ்வளவு என்று தாளில் எழுதி, எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசியுங்கள். முடிந்தால் அவரவர் கையிலேயே கொடுங்கள்.

சில்லறை முக்கியம். சுமைதூக்கி ஒருவருக்கு 7 நாளைக்கு 56 டாலர்: இரண்டு 20, ஒரு 10, ஒரு 5, ஒரு 1. மலையில் யாரிடம் மாற்றுவீர்கள்? ஊரிலேயே வாங்கிவிடுங்கள். கிழிசல், கிறுக்கல், 2009க்கு முந்தைய நோட்டுகளை அங்கே பல இடங்களில் வாங்க மாட்டார்கள். தான்சானியா ஷில்லிங்கில் கொடுத்தாலும் சரிதான்.

பழைய ஜாக்கெட், கையுறை தருவது நல்ல விஷயம். ஆனால் அதை டிப்ஸில் கழிக்காதீர்கள்.