சிவப்பு மையில் அடித்த மூன்று எண்கள்

என் மாமியாரின் கொள்ளுப்பாட்டியைத் தேடத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. கணவர் வீட்டு முன்னோர் இங்கிலாந்தில், பெட்ஃபோர்ட்ஷயரின் டாடிங்டன் பக்கம் விவசாயக் கூலிகள். உயில், சொத்துப் பத்திரம், கடிதம் எதுவும் கிடையாது. பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் எழுதிய வரிகள்தான் இருக்கின்றன.

முதலில் கிடைத்தவர் கொள்ளுப்பாட்டியின் அப்பா. 1851-ல் வயது 28, பிறந்த ஊர் உட்பட எல்லாம் தெளிவு. ஆனால் 1841-ல் அதே பெயர்க்காரருக்கு வயது 15. ஆள் வேறு என்று தள்ளிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது: அந்த வருடம் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 15, 20, 25 என்று குறைத்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 18 வயதுப் பையன் 15 ஆகிவிட்டான்.

1861-ல் அவர் மகள், அதாவது கொள்ளுப்பாட்டி. வயது 6. தொழில்: வைக்கோல் பின்னுதல். லூட்டன் தொப்பித் தொழிலுக்காக அந்த வட்டாரத்துப் பெண்களும் குழந்தைகளும் கோதுமைத் தாளைப் பின்னிக் கொடுத்தது தெரியும். இருந்தாலும் ஆறு வயதுக்கு நேரே தொழில் எழுதியிருப்பதைப் பார்த்ததும் அடுத்த பக்கம் திருப்ப மனம் வரவில்லை.

அப்புறம் 1911. முந்தைய வருடங்களில் நமக்குக் கிடைப்பது கணக்கெடுத்தவர் புத்தகத்தில் எடுத்த பிரதி. 1911-ல் வீட்டில் நிரப்பிய தாளே இருக்கிறது. அதில் பிறந்த பிள்ளைகள், இருப்பவர்கள், இறந்தவர்கள் என்று மூன்று கட்டம். கணவன் உள்ள பெண்களுக்கு மட்டும்தான் அது. கொள்ளுப்பாட்டி அப்போது விதவை. ஆனாலும் நிரப்பியிருக்கிறார்: 9, 6, 3. அலுவலர் அதன்மேல் சிவப்பு மையில் கோடு அடித்திருக்கிறார். கோட்டுக்கு அடியில் எண்கள் பளிச்சென்று தெரிகின்றன.

1881, 1891, 1901 மூன்றிலும் நான் பார்த்தது ஆறு பிள்ளைகளைத்தான். மற்ற மூவரும் இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவே பிறந்து, நடுவிலேயே போய்விட்டவர்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் அப்படி மூவர் இருந்ததே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

பிறப்புப் பதிவு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரைப் போட்டுத் தேடலாம். இருவர் கிடைத்துவிட்டார்கள்: 1883-ல் ஒரு பையன், 1887-ல் ஒரு பெண். இறப்பு அட்டவணையில் இருவருக்கும் வயது 0. மாமியாரிடம் போனில் பெயர்களைச் சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

மூன்றாவது பிள்ளைக்காக அடுத்த மாதம் பெட்ஃபோர்ட் ஆவணக் காப்பகத்துக்குப் போய் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கப் போகிறோம். அவரும் வருகிறார்.