ஜூன், ஜூலை: வால்பாறை

ஜூன் 13

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து மலைப்பாதையில் மேலே வரும்போது அட்டகட்டிக்குக் கீழே வண்டியை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவில்தான் நின்றது. அது நடுவில் நிற்கும்போதே அந்த இனிப்பு வாடை வந்துவிட்டது, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் வெளியேறினால் வருமே, அது. முள் ஏறியது அதற்கு அப்புறம்தான். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் கிளிப்பை ஒட்டி ஒரு கீறல். மழை. சீட்டைச் சாய்த்து அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். "ஹீட் ஆயிருச்சா கண்ணு?" என்று ஒரு தடவைதான் கேட்டாள். அப்புறம் கேட்கவே இல்லை.

கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு வரும் உடம்பை மழையில் ரோட்டோரம் உட்கார வைத்துவிட்டது இந்த வண்டி. இனி அப்படி ஆகக் கூடாது.

ஜூன் 14

ஹோஸ் மாற்றியாயிற்று. ரேடியேட்டர் மூடியும் புதுசு. அம்மா இட்லி சாப்பிட்டாள், தங்கியது.

ஜூன் 16

மெக்கானிக் சொல்கிறார், ஹோஸ் போனது, மாற்றியாயிற்று, இனி என்ன கவலை என்று. நியாயம்தான். ஆனால் எனக்கு எண் வேண்டும்.

வண்டியில் இருக்கும் மீட்டரில் கீழே சி, மேலே ஹெச். இடையில் ஒன்றுமில்லை. எண்பதிலும் நடு, தொண்ணூற்றைந்திலும் நடு. ரேடியேட்டர் மூடியில் அது தாங்கும் அழுத்தம் 0.9 என்று போட்டிருக்கிறது. அந்த அழுத்தம் உள்ளே நிற்கும் வரை தண்ணீர் 115 டிகிரி வரை கொதிக்காது. எங்காவது கசிந்து அழுத்தம் போய்விட்டால் கதை வேறு. வால்பாறை மூவாயிரத்து ஐந்நூறு அடி. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 96, 97-லேயே கொதித்துவிடும். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் போகிற வண்டிக்கு அந்தச் சூடு சாதாரணம். என் வண்டி மாருதி ஜென், அதன் 993 சிசி எஞ்சின் முழுக்க அலுமினியம். ஒரு தடவை நன்றாகக் காய்ந்தால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்துவிடும், அதோடு கேஸ்கட்டும் போகும். முள் ஹெச்சைத் தொட்ட பிறகு நிறுத்துவது நிறுத்துவதே இல்லை.

40-லிருந்து 120 வரை எண் போட்ட மீட்டர் ஒன்று கோயம்புத்தூரில் வாங்கி வைத்திருக்கிறேன். 52 எம்எம். எங்கே வைப்பது?

ஜூன் 17

ஃப்ரிட்ஜில் 100.4 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஃபாரன்ஹீட். அம்மாவின் காய்ச்சல் அதைத் தொட்டால் நேரம் காலம் பார்க்காமல் போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் ஆஸ்பத்திரியில். இன்று 98.2.

ஜூன் 19

மருந்துப் பெட்டி அட்டையில் 52 எம்எம் வட்டம் வெட்டி, அதைக் கையில் வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை விடவே இல்லை.

முன்கண்ணாடிக்கு வலப்பக்கத் தூண்: எல்லோரும் முதலில் காட்டும் இடம் அதுதான். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மலையில் சரிப்படாது. வலப்பக்க வளைவில் ஏறும்போது மேலிருந்து இறங்கும் வண்டியை அந்தத் தூணை ஒட்டித்தான் பார்க்க வேண்டும். தூண் ஏற்கெனவே மறைக்கிறது. அதற்கு மேல் இரண்டங்குலம் மறைத்தால் ஒரு பைக்கே காணாமல் போகும்.

டாஷ்போர்டுக்கு மேலே: ராத்திரியில் மீட்டர் வெளிச்சம் கண்ணாடியில் விழும். மூடுபனியில் கண்ணாடியில் இன்னொரு வெளிச்சம் எனக்கு வேண்டாம்.

ரேடியோ இருக்கும் இடம்: ரேடியோவை எடுக்க முடியாது. ஆழியாறு தாண்டியதும் அம்மா கோவை வானொலி போடச் சொல்வாள்.

ஆஷ்ட்ரே: அதில் அம்மாவின் இஞ்சி மரப்பா இருக்கிறது. தவிர, அவ்வளவு கீழே பார்க்க வேண்டுமென்றால் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும்.

ஜூன் 20

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. ஆஷ்ட்ரே, ரேடியோ, நடுவில் எங்கே வைத்தாலும் அம்மாவுக்கும் தெரியும். வழி முழுக்க அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வருவாள். எனக்கு மட்டும் தெரிகிற இடமாக வேண்டும்.

ஜூன் 21

அம்மாவுக்கு முடி கொத்தாக வருகிறது. இன்று காருக்குப் போகவில்லை.

ஜூன் 23

ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், ஏசி காற்று வரும் துவாரத்துக்குக் கீழே, சில்லறை போடும் சின்னக் குழி. இத்தனை வருஷமாகக் கண் முன்னால் இருக்கிறது. அட்டையை அங்கே வைத்துப் பார்த்தேன். ஸ்டியரிங் நேராக இருந்தாலும் வளைந்தாலும் கையிடுக்கில் தெரிகிறது. இடப்பக்க சீட்டில் போய் உட்கார்ந்து, சாய்த்துப் படுத்துப் பார்த்தேன். தெரியவில்லை. ஸ்டியரிங் முழுசாக மறைக்கிறது.

ஆனால் குழி ஆழம் போதாது. மீட்டர் உடம்பும் பின்னால் ஒயர் மாட்டும் திருகும் சேர்ந்து அறுபது எம்எம் கேட்கிறது. குழிக்குப் பின்னால் காற்றுக்குழாய் ஓடுகிறது. அதை அறுக்க மாட்டேன்.

ஜூன் 24

63 எம்எம் பிவிசி குழாய்! துண்டு வெட்டி, அடிப்பக்கத்தைச் சாய்வாக அறுத்தால் மீட்டர் முன்னால் நீண்டு என் முகத்தைப் பார்த்து நிற்கும். பின்னால் ஆழம் தேவையில்லை. டாஷ்போர்டில் ஒயர் போக ஒரு சின்ன ஓட்டை போதும்.

சாய்வுதான் முக்கியம். நேராக நின்றால் ஓரத்திலிருந்து பார்க்கும்போது முள் 90-ஐ 85 என்று காட்டும். கண்ணும் முள்ளும் எதிரெதிரே இருக்க வேண்டும். டிரைவர் சீட்டை நான் ஓட்டும் நிலையில் வைத்து, தையல் நூலை நெற்றியிலிருந்து குழிக்கு இழுத்துக் கோணம் எடுத்தேன். அம்மா வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை.

ஜூன் 26

பொள்ளாச்சி லேத் பட்டறை. சூட்டை உணரும் சென்சாரை மேல் ஹோஸின் நடுவில் வைக்கப் போகிறோம். ஹோஸை வெட்டி இரண்டு முனைக்கும் நடுவில் அலுமினியக் குழாய், அதன் பக்கவாட்டில் சென்சாரைத் திருகி மாட்ட மறை. பட்டறை அண்ணன் சென்சாரைக் கையில் வாங்கி, மறை அளக்கும் தகட்டை வைத்துப் பார்த்தார். அங்குலத்துக்கு 27 மறை. அவரிடம் இருந்த, மறை வெட்டும் டேப் 28. "கிட்டத்தட்டன்னு போட்டா ஏறும் அம்மிணி, ஆனா ஒழுகும்" என்று சொல்லிவிட்டு, பக்கத்துப் பட்டறையில் போய் சரியான டேப் வாங்கி வந்தார்.

கிளம்பும் நேரத்தில் கூப்பிட்டார். "இந்த அலுமினியத்துக்கு ரெண்டு பக்கமும் ரப்பர். எர்த் எங்கிருந்து வரும்?" சென்சார் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கும். எஞ்சின் பிளாக்கில் மாட்டினால் தானாகக் கிடைக்கும், ரப்பருக்கு நடுவில் கிடைக்காது. குழாயின் தடித்த இடத்தில் இன்னொரு சின்ன மறை போட்டு ஸ்க்ரூ மாட்டிக் கொடுத்தார். அங்கிருந்து எஞ்சினுக்கு ஒரு ஒயர். சென்சார் மறையில் ஒழுகாமல் இருக்க வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றி அந்தத் தொடர்பைக் கெடுத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். கூலியைக் குறைத்துத்தான் வாங்கினார். அவரிடம் அம்மாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 27

98.4. வாய்ப்புண். தயிர்சாதம் மட்டும்.

ஜூன் 29

ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்தார். மீட்டருக்கு நாலு ஒயர்: கரன்ட், எர்த், சென்சார், விளக்கு. கரன்ட்டை ரேடியோ ஒயரிலிருந்து எடுக்கப் பார்த்தார், அதுதான் கைக்குப் பக்கம். இக்னிஷனிலிருந்து எடுக்கச் சொன்னேன். ரேடியோ லைன் செல்ஃப் அடிக்கும்போது விட்டுப்போகும். தனி ஃப்யூஸ். விளக்கு பார்க் லைட்டோடு சேர்த்து. எஞ்சினுக்கும் காபினுக்கும் நடுவே இருக்கும் தகட்டில் புது ஓட்டை போடவில்லை, பழைய ரப்பர் புஷ் வழியாகவே சென்சார் ஒயரை இழுத்தோம். சைலன்சர் பக்கம் போகாமல் பேட்டரிப் பக்கம் சுற்றி வருகிறது.

பிவிசிக்கு மேட் கறுப்பு அடித்தேன், இரண்டு கோட். காய்கிற மாதிரியே தெரியவில்லை, இந்த ஈரத்தில்.

ஜூலை 1

மாட்டியாயிற்று. மீட்டரைக் கொஞ்சம் திருகி 90 நேர் மேலே வரும்படி வைத்தேன். எண்கள் சாய்ந்து நிற்கின்றன, பரவாயில்லை. முள் நிமிர்ந்து நின்றால் நல்லது. எண்ணைப் படிக்கக்கூட வேண்டாம்.

வீட்டு வாசலில் நிறுத்தி ஓட விட்டேன். கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் கதவுதான் தெர்மோஸ்டாட், அதில் 82 என்று பொறித்திருக்கிறது. முள் வெகுநேரம் கீழேயே கிடந்து, அப்புறம் சட்டென்று அந்த எண் வரை ஏறியது. கதவு திறந்ததைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. ரேடியேட்டர் ஃபேன் 94-ல் ஓட ஆரம்பித்தது. குழியின் ஓரமும் குழாயும் சேருமிடத்தில் ஒரு முடி அளவு இடைவெளிகூட இல்லை. புதிதாக ஏறிப் பார்ப்பவர்கள் வண்டியோடு வந்தது என்றுதான் நினைப்பார்கள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

ஜூலை 2

நாளை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். ரத்த ரிப்போர்ட் சரி, மருந்து ஏற்றலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 4

நேற்று எழுத முடியவில்லை. இறங்கும்போது கியரில் விட்டு இறங்கினேன், 78-க்கு மேல் போகவில்லை. திரும்பும்போது ஆழியாறில் 86. ஒன்பதாவது வளைவில், அணை தெரியுமே, அங்கே 91. அதற்கு மேலே ஒரு டீத்தூள் லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டோம். 95, 96. ஏசியை அணைத்தேன். 97. ஹீட்டரைத் திறந்துவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் அம்மா மேல் சூடாக வீசும். கையை அந்த நாப் மேலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு காட்டுது கண்ணு?"

கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"தொண்ணூத்தி ஏழு."

"அது நல்லதா?"

"நூறு வரைக்கும் பயமில்லைம்மா."

"சரி. ஏறுச்சுன்னா சொல்லு."

லாரி ஒதுங்கி வழிவிட்டது. 92. "தொண்ணூத்தி ரெண்டும்மா" என்றேன். அதற்குள் தூங்கிவிட்டாள். நிஜமான தூக்கம்.

ஜூலை 6

அப்படியென்றால் அவளுக்கும் தெரிகிற இடத்தில் வைத்திருக்கலாமோ? காலையிலிருந்து இதே யோசனை. ரேடியோவுக்கு மேலே, கடிகாரம் இருக்கும் பகுதியை அளந்து பார்த்தேன். உயரம் பத்தாது. பிவிசி அங்கே அசிங்கமாகத் துருத்தும்.

ஜூலை 7

இன்னொரு சின்ன மீட்டர், எண் மட்டும் ஒளிரும் வகை, அம்மா பக்கம்? ஒரே சென்சாரில் இரண்டு மீட்டர் மாட்ட முடியாது, இரண்டுமே பொய் சொல்லும். அலுமினியக் குழாயில் இன்னொரு மறை போட வேண்டும். அண்ணனைக் கேட்க வேண்டும்.

ஜூலை 8

அம்மாவிடமே கேட்டேன். "எனக்கெதுக்கு? நீ சொன்னா போதும்" என்கிறாள். இருந்தாலும்.

ஜூலை 10

98.6. சோர்வு அதிகம். கஞ்சி.

ஜூலை 12

மதியம் 99.1. மாலை 99.4. போர்வை வேண்டுமாம்.

இரவு 10.40: 99.9.

12.15: 100.8. போன் செய்தேன், உடனே வரச் சொல்கிறார்கள். பை கட்டியாயிற்று. கூலன்ட் பார்த்தேன், அளவு சரியாக இருக்கிறது. டார்ச், இஞ்சி மரப்பா, ரிப்போர்ட் ஃபைல். அட்டகட்டியில் பனி இருக்கும்.