மார்பிள் போச்சு, பாலிசி இருந்தும் காசு வரல

க்ளீனிங் சர்வீஸ் நடத்துறேன், வீடு, ஆபீஸ், புதுசா கட்டி முடிச்ச கட்டடம்னு எல்லாம் எடுத்துப்போம், என்னோட சேர்த்து 9 பேர். போன வாரம் இதே தொழிலை புதுசா ஆரம்பிக்கிற ஒருத்தர் போன் பண்ணி "லயபிலிட்டி இன்சூரன்ஸ் எடுத்துட்டேன், இனிமே எது நடந்தாலும் கவலை இல்ல"ன்னு சொன்னாரு, அதாவது நம்ம வேலையால அடுத்தவங்களுக்கு சேதம் ஆனா அதுக்கு கம்பெனி பணம் தர்ற பாலிசி. எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா ஒரு காலத்துல நானும் இதே நினைப்புலதான் இருந்தேன்.

எங்களுக்கு நடந்ததை சொல்றேன். ஒரு வீட்டுல ஹால் முழுக்க மார்பிள். எங்க பையன் ஒருத்தன் பாத்ரூமுக்கு கொண்டு போற ஆசிட் பாட்டிலை ஹால் ஓரமா வெச்சிருக்கான், மூடி சரியா திருகல, கால் பட்டு சாஞ்சிடுச்சு. மார்பிள்ங்கிறது அடிப்படைல கால்சியம் கார்பனேட், ஆசிட் பட்ட உடனே பொங்கி நுரைக்கும், கார்பன் டை ஆக்சைடு வெளிய வரும், மேல்பரப்பு கரைஞ்சு மங்கிடும். அது கறை கிடையாது, கல்லே போயிடுச்சு, எவ்வளவு தேய்ச்சாலும் வராது, அந்த இடத்தை அரைச்சு திரும்ப பாலிஷ் போட்டாதான் உண்டு.

அவன் பயத்துல யார்கிட்டயும் சொல்லாம துணியால துடைச்சுட்டே இருந்திருக்கான், முக்கால் மணி நேரம் கழிச்சுதான் எனக்கு போன். சம்பளத்துல பிடிச்சுடுவேன்னு பயம். கொட்டின அந்த நிமிஷமே கையுறை போட்டு நிறைய தண்ணி விட்டு கழுவியிருந்தா கொஞ்சமாவது குறைஞ்சிருக்கும். முன்னாடி ஒருத்தருக்கு உடைஞ்ச கண்ணாடிக்காக சம்பளத்துல பிடிச்சவன் நான்தான், அதைப் பாத்து கத்துக்கிட்ட பயம் அது. அன்னைலேர்ந்து பிடிக்கிறதை நிறுத்திட்டேன், இன்னிக்கு வரைக்கும் பிடிச்சதில்ல.

வீட்டுக்காரம்மா அழுதுட்டாங்க. நான் பதறிப்போய் "முழுத் தப்பும் எங்களுதும்மா, மொத்த செலவும் நான் தந்துடறேன்"னு சொல்லிட்டேன். இதுல ரெண்டு விஷயம் எனக்குத் தெரியாது. பொதுவா லயபிலிட்டி பாலிசில ஒரு நிபந்தனை இருக்கும், கம்பெனி சம்மதம் இல்லாம நீங்களா பொறுப்பை ஒத்துக்கக் கூடாது, பணம் தர்றேன்னு வாக்கு கொடுக்கக் கூடாது. வருத்தம் தெரிவிக்கலாம், உடனே உதவி செய்யலாம், ஆனா "இன்சூரன்ஸ்ல சொல்லிட்டேன், அவங்க வந்து பாப்பாங்க"ன்னு அதோட நிறுத்திக்கணும். மனுஷனா பாத்தா கஷ்டமாதான் இருக்கு, இப்பவும் எனக்கு அது கஷ்டம்தான்.

ரெண்டாவது விஷயம்தான் கிளெய்மை கவுத்தது. எந்த பொருள்மேல வேலை செய்றோமோ, எது நம்ம பொறுப்புல விடப்பட்டிருக்கோ, அதுக்கு வர்ற சேதத்துக்கு பணம் கிடையாதுன்னு நிறைய பாலிசில விலக்கி வெச்சிருப்பாங்க. ஹால் தரையும் அன்னிக்கு எங்க வேலை லிஸ்ட்ல இருந்துச்சு, அதனால தரமாட்டோம்னு சொல்லிட்டாங்க. அதே ஆசிட் வீட்டுக்கு வந்த விருந்தாளி கால்ல பட்டிருந்தா வேற கதை. யோசிச்சுப் பாருங்க, துடைக்கிற தொழில் பண்றவனுக்கு எது சேதமாகும்? துடைக்கிற பொருள்தான சேதமாகும்! அதையே பாலிசி விட்டுடுச்சுன்னா நாம எதுக்கு பிரீமியம் கட்டுறோம்? இதுக்குன்னு தனியா கவர் சேர்த்துக்க முடியும், ஒவ்வொரு கம்பெனிலயும் ஒரு பேர்ல இருக்கும், நாம வாய் திறந்து கேட்டாதான் வரும். மூணு தவணையா என் கைக்காசுலதான் அந்த தரைக்கு கட்டினேன்.

இன்னொரு குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு. ஈரத்தரைல வாடிக்கையாளரோ வெளியாளோ வழுக்கி விழுந்தா அது பப்ளிக் லயபிலிட்டி. அதே தரைல நம்ம ஆள் விழுந்தா அந்த பாலிசி பொதுவா திரும்பியே பாக்காது, அதுக்கு தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் தனியா வேணும். ஜெர்மனில 1884லயே தொழிலாளர் விபத்துக்குன்னு தனி இன்சூரன்ஸ் சட்டம் வந்துடுச்சு, பிரிட்டன்ல முதலாளி இந்த மாதிரி பாலிசி கட்டாயம் வெச்சிருக்கணும்னு 1969ல சட்டம் போட்டாங்க. சட்டம் உங்க ஊர்ல எப்படி இருந்தாலும் சரி, ஆளை வேலைக்கு வெச்சிருந்தா இதை முதல்ல எடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஆலோசனை, ரிப்போர்ட்னு கொடுக்கிற தொழில்னா அதுல வர்ற தப்புக்கு ப்ரொஃபஷனல் இண்டெம்னிட்டின்னு வேற ஒண்ணு இருக்கு, எனக்கு அது தேவைப்படல.

பாலிசி எந்த தேதியைப் பாக்குதுன்னும் கேளுங்க. சிலது சம்பவம் நடந்த தேதியைப் பாக்கும், அன்னிக்கு பாலிசி உயிரோட இருந்தா போதும், கிளெய்ம் ரெண்டு வருஷம் கழிச்சு வந்தாலும் செல்லும். சிலது கிளெய்ம் வந்த தேதியைப் பாக்கும், அப்ப பாலிசி ஓடிட்டு இருக்கணும், சம்பவமும் எந்த நாள்லேர்ந்து நடந்ததுக்கு பாதுகாப்புன்னு அதுல போட்டிருக்கிற பழைய தேதிக்கு அப்புறம் நடந்திருக்கணும். ரெண்டாவது வகையை வெச்சுட்டு நடுவுல ஒரு மாசம் விட்டா, இல்ல விலை கம்மின்னு கம்பெனி மாத்தி அந்த பழைய தேதியை கை நழுவ விட்டா, முன்னாடி செஞ்ச அத்தனை வேலைக்கும் பாதுகாப்பு போயிடும்.

பாதுகாப்பு விஷயத்துக்கு வர்றேன், இதுதான் எனக்கு மனசுக்கு நெருக்கமானது. முன்னாடி பாதுகாப்புன்னா எனக்கு கையுறையும் மாஸ்க்கும்தான். ஆனா பாதுகாப்பு படிச்சவங்க சொல்ற வரிசைல அது கடைசில வருது, முதல்ல ஆபத்தையே இல்லாம பண்ண முடியுமான்னு பாரு, முடியலன்னா ஆபத்து கம்மியான பொருளுக்கு மாறு, அப்புறம் தடுப்பு, அப்புறம் வேலை செய்ற முறை, இதெல்லாம் தாண்டிதான் கையுறை. அந்த மார்பிளுக்கு அப்புறம் கல் தரை இருக்கிற வீட்டுக்கு ஆசிட் கொண்டு போறதையே விட்டுட்டோம். பாத்ரூம் உப்புக்கறைக்கு கொஞ்சம் கூட நேரம் ஆகுது, ஆகட்டும்.

ப்ளீச்சும் ஆசிட் கலந்த டாய்லெட் க்ளீனரும் ஒரே பைல போகக் கூடாது, எங்க கிட்ட ரெண்டு கலர் கூடை. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு, ப்ளீச்சோட அமோனியா சேர்ந்தா குளோரமைன், ஜன்னல் மூடின சின்ன பாத்ரூம்ல ரெண்டுமே நுரையீரலை பதம் பாத்துடும். குடிக்கிற தண்ணி பாட்டில்ல எந்த கெமிக்கலும் ஊத்தவே கூடாது, இதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒவ்வொரு கெமிக்கலுக்கும் சேஃப்டி டேட்டா ஷீட், அதாவது அதோட ஆபத்தும் பாதுகாப்பு முறையும் எழுதின தாள், வாங்கி வெச்சிருக்கேன், 16 பகுதி இருக்கும், அதுல 4வது முதலுதவி, 8வது என்ன மாட்டிக்கணும், 10வது எதோட சேரக் கூடாது. இந்த மூணையும் தமிழ்ல எழுதி கூடைலயே ஒட்டியாச்சு.

ஏணிக்கு 4க்கு 1 கணக்கு, 4 அடி உயரத்துக்கு 1 அடி வெளிய தள்ளி கால் ஊன்றி இருக்கணும், ஏறும்போது ரெண்டு கைல ஒண்ணாவது எப்பவும் ஏணியை பிடிச்சிருக்கணும், பக்கெட்டை கைல தூக்கிட்டு ஏற விடறதில்ல.

காலைல வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் நின்னு இன்னிக்கு எது வழுக்கும், எது உடையும்னு பேசிப்போம், அந்த இடத்தை நாலு போட்டோ எடுத்துப்போம், ஏற்கனவே இருக்கிற கீறல், விரிசல் எல்லாம் சேர்த்து. விபத்து ஆகாம தப்பிச்சதையும் ஒரு நோட்டுல தேதியோட எழுதுவோம். நாளைக்கு கிளெய்ம்னு வந்தா நாம அக்கறையா வேலை செஞ்சோம்னு காட்ட இந்த போட்டோவும் நோட்டும்தான் இருக்கும், வாயால சொல்றது நிக்காது.

போன் பண்ணினவர் கிட்ட பாலிசியை எடுத்துட்டு வரச் சொல்லி, எதுக்கெல்லாம் பணம் கிடையாதுன்னு போட்டிருக்கிற விலக்கு பக்கத்தை லைன்லயே படிக்கச் சொன்னேன். வேலை செய்ற பொருளுக்கு கவர் இல்ல. அதோட தொழில் விவரத்துல "உட்புற சுத்தம்"னு மட்டும் போட்டிருக்கு, ஆனா அவரு எடுத்திருக்கிற முதல் ஆர்டரே மூணாவது மாடி கண்ணாடிய வெளிப்பக்கம் இருந்து துடைக்கிறது. கொஞ்ச நேரம் அவரு பேசவே இல்ல. அப்புறம் "அந்த வேலையை தள்ளி வெச்சுட்டு ஏஜென்ட்ட பேசிடறேன்"னாரு. நேத்து மெசேஜ் வந்துச்சு, ரெண்டையும் எழுத்துல சேர்த்து வாங்கிட்டாராம், ஏணியும் புதுசு பாத்துட்டு இருக்காராம்.