நான்கு நிமிடம் முன்னதாக

ராக்கெட் எப்போது கிளம்பும் என்பதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஏவுதலன்று வங்காள விரிகுடாவின் மேல் இன்னின்ன பகுதிகளில் பறக்கக் கூடாது என்று விமானிகளுக்கு ஓர் அறிவிப்பு வரும். நோட்டாம் என்பார்கள். தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அதில் இருக்கும். அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் குறித்து இணைத்துப் பார்த்தால் ராக்கெட் எந்தத் திசையில் போகும், எரிந்து முடிந்த அடுக்குகள் கடலில் எங்கே விழும் என்பது வரை தெரிந்துவிடும். அப்படி ஒரு காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அக்கா மகள் எட்டிப் பார்த்து, "மாமா, இதை நேரில் போய்ப் பார்க்க முடியாதா?" என்று கேட்டாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள்.

2024 டிசம்பர் 4, மாலை 4:08. இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி.-சி59 ராக்கெட். அது சுமந்து செல்லவிருந்தது ஐரோப்பிய விண்வெளி முகமையின் புரோபா-3. எத்தனையோ ஏவுதல்களைத் தொடர்ந்து வருகிறேன், இந்த அளவுக்கு என்னை ஈர்த்த திட்டம் வேறில்லை. இரண்டு விண்கலங்கள். ஒன்றில் 1.4 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டு. அது சூரியனை மறைக்க, ஏறத்தாழ 150 மீட்டர் பின்னால் இன்னொரு கலம் அந்த நிழலுக்குள்ளேயே நின்று சூரியனின் வெளிப்புற வளிமண்டலமான கரோனாவைப் படமெடுக்க வேண்டும். மில்லிமீட்டர் அளவுகூட விலகக் கூடாது. இயற்கையான முழுச் சூரிய கிரகணம் எவ்வளவு நீண்டாலும் ஏழரை நிமிடத்தைத் தொடுவதில்லை. இந்த இரண்டு கலங்களும் பூமியைச் சுற்றும் ஒரு சுற்றில் ஆறு மணி நேரம் வரை கிரகணத்தை உண்டாக்கும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு வெளியே இருக்கும் கரோனாவோ பத்து லட்சம் டிகிரிக்கும் மேல். அடுப்பைவிட்டு விலக விலகச் சூடு கூடுகிறது என்றால் யாரால் சும்மா இருக்க முடியும்?

ஸ்ரீஹரிகோட்டா பார்வையாளர் மாடத்துக்கு இணையத்தில் பதிவு செய்தேன். பொதுமக்களுக்காக 2019-இல் திறந்த மாடம் அது. சென்னையிலிருந்து சூளூர்பேட்டைக்கு ரயில். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சாலை போகிறது. சில நாட்களுக்கு முன்தான் ஃபெஞ்சல் புயல் கரை கடந்திருந்தது. சாலையின் இரு பக்கமும் தண்ணீர். ஆழமில்லாத ஓரிடத்தில் பூநாரைகள் தலையை நீருக்குள் கவிழ்த்து நின்றன. எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்பதுபோல எனக்குத் தோன்றியது. அக்கா மகள் ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

மாடத்தில் அடையாள அட்டையைச் சரிபார்த்து உள்ளே விட்டார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் சீருடையில் வந்த பள்ளிப் பிள்ளைகளும் கூட்டத்தில் இருந்தார்கள். நான் அவளுக்கு ராக்கெட்டின் அடுக்குகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன்: 44.5 மீட்டர் உயரம், 320 டன் எடை, முதல் அடுக்கில் திட எரிபொருள், இரண்டாவதில் திரவம், மறுபடி திடம், மறுபடி திரவம். பக்கவாட்டில் கூடுதல் உந்துதலுக்கு ஆறு பூஸ்டர்கள். அவற்றில் நான்கு தரையிலேயே பற்றிக்கொள்ளும், மீதி இரண்டும் கிளம்பி 25 நொடிக்குப் பிறகு வானத்தில் பற்றும்.

ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தபோது அறிவிப்பு வந்தது. விண்கலத்தில் ஒரு கோளாறு தென்பட்டிருக்கிறது. இன்று ஏவவில்லை. நாளை மாலை 4:12.

கூட்டம் ஒரு நொடி அமைதியாக இருந்தது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அவள் கேட்ட முதல் கேள்வி, "உடைந்துவிட்டதா மாமா?" இல்லை, உடைந்துவிடக் கூடாது என்றுதான் நிறுத்தியிருக்கிறார்கள் என்றேன். 2019 ஜூலை 15 அதிகாலையில் சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடம் 24 நொடி இருக்கும்போது கவுன்ட்டவுனை நிறுத்தினார்கள். விடிய விடியத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று தூக்கமே வரவில்லை. ஒரே வாரத்தில், ஜூலை 22 பிற்பகல் 2:43-க்கு அதே ராக்கெட் பிசிறில்லாமல் ஏறியது. தரையில் இருக்கும்வரை எதையும் சரிசெய்யலாம். மேலே போன பிறகு ஒரு திருகாணியைக்கூடத் தொட முடியாது. நிறுத்தச் சொல்லும் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் மீது எனக்கு எப்போதும் பெரிய மரியாதை உண்டு. அவ்வளவு பேர் காத்திருக்கும்போது 'இன்று வேண்டாம்' என்று சொல்வதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

இரவு வீடு திரும்பினோம். 4:12 என்ற நேரம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு நேரத்தைத் திருத்தி அறிவித்தார்கள்: 4:04. பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். முந்தைய நாளைவிடச் சரியாக நான்கு நிமிடம் முன்னதாக!

நட்சத்திரங்களை வைத்து அளந்தால் பூமி ஒருமுறை தன்னைத்தானே சுற்றிவர ஆகும் நேரம் 24 மணி அல்ல, 23 மணி 56 நிமிடம். நாம் பார்க்கும் ஒவ்வொரு நட்சத்திரமும் தினமும் நான்கு நிமிடம் முன்னதாக உதிப்பது இதனால்தான். விண்கலம் போய்ச் சேரவேண்டிய பாதையின் தளமும் நட்சத்திரங்களைப் பொறுத்தே வானத்தில் நிற்கிறது. பூமி சுழன்று ஸ்ரீஹரிகோட்டாவை அந்தத் தளத்துக்கு நேராகக் கொண்டுவரும் நேரமும் தினமும் நான்கு நிமிடம் முந்தும். நானாகப் போட்ட கணக்குதான் இது. ஆனால் கச்சிதமாகப் பொருந்தியது. அந்த நான்கு நிமிடத்தில் பூமி சுழல்வதையே கண்ணால் பார்த்ததுபோல் இருந்தது. காலையில் அக்காவிடம் இதை விளக்கியே இன்னொரு நாள் விடுப்பு வாங்கினேன்.

மறுநாள் மாடத்துக்குப் போகவில்லை. ஏரியின் தென்முனையில், தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் பழவேற்காட்டுக்குப் போனோம். ஏவுதளத்துக்கும் அந்தக் கடற்கரைக்கும் நேர்க்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்கு மேல். கடலுக்குள் போகக் கூடாத நாள் என்பதால் படகுகள் மணலில் ஏறி நின்றன. வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நாங்கள் வந்த காரியத்தைக் கேட்காமலே, "அந்த ஒற்றைப் பனைக்கு இடப்பக்கம் பாருங்கள் தம்பி, அங்கேதான் கிளம்பும்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி வலையில் குனிந்துகொண்டார்.

4:04. கைப்பேசியில் ராக்கெட் எழும்பிவிட்டது. எங்கள் கண்ணெதிரே ஒன்றுமில்லை. இவ்வளவு தூரத்தில் பூமியின் வளைவே ஏவுதளத்தை மறைத்துவிடும். 44 மீட்டர் ராக்கெட் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே நிற்கிறது. கைப்பேசிக் காட்சியும் சற்றுத் தாமதமாகவே வரும் என்பதால் எனக்குப் படபடப்பு. அதற்குள் பனைக்கு இடப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு. சூரியனைப் போலக் கண்ணைக் கூசவைக்கும் பொட்டு, அதன் கீழே வெள்ளைத் தூண். பொட்டு ஏற ஏறத் தூண் நீண்டது. பிறகு மெல்ல வலப்பக்கம், கடலை நோக்கிச் சாய்ந்தது. துளிச் சத்தம் இல்லை. அலை ஓசை மட்டும்தான்.

"சத்தம் எங்கே மாமா?"

"வந்துகொண்டிருக்கிறது. எண்ணு."

ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். அறுபது. எழுபது. பூஸ்டர்கள் கழன்றிருக்கும். தொண்ணூறு. ராக்கெட் மேகத்துக்கு அப்பால் சென்று வெள்ளைக்கோடு மட்டும் காற்றில் நெளியத் தொடங்கியிருந்தது. நூறைத் தாண்டியபோது அவள் எண்ணுவதை நிறுத்தினாள். முதலில் அது ஒலியாகவே வரவில்லை, நெஞ்சுக்கூட்டில் ஒரு அதிர்வாக வந்தது. பிறகு தொலைவில் எங்கோ இடி உருள்வதுபோல், நிற்காமல், ஏறியும் இறங்கியும். ராக்கெட் இல்லாத வானத்திலிருந்து ராக்கெட்டின் சத்தம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏறத்தாழ 18 நிமிடம் கழித்து, புரோபா-3 பிரிந்தது என்று கைப்பேசியில் கைதட்டல் கேட்டது. கரையில் நின்றவர்களும் தட்டினார்கள். வெள்ளைக்கோடு அதற்குள் கலைந்திருந்தது.

2025 ஜூனில் அந்த இரு கலங்களும் உண்டாக்கிய முதல் செயற்கைக் கிரகணத்தின் படங்கள் வெளிவந்தன. நடுவே கறுப்பு வட்டம், சுற்றிலும் மயிரிழைகளாகக் கரோனா. அவளிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, கறுப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது அந்தத் தட்டுதானே மாமா? நாம் பார்த்தபோது அந்தப் பொட்டுக்கு மேலே இருந்தது?"

"அதேதான்" என்றேன்.