சுருள்வாள் வரட்டும் தம்பி

"சுருள்வாள் இன்னும் உனக்குக் கைக்கு வரல தம்பி. அது வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

இப்படி நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. என்னிடம் சிலம்பம் பழகுகிற பையன் அவன். சாட்டைபோல வளைகிற அந்தச் சுருள்வாள் அவனுக்கு அப்போது வரவில்லைதான். ஆனால் அவன் கேட்டது சுருள்வாளைப் பற்றி இல்லை. "மாஸ்டர், எங்கூர்ல பத்துப் பசங்களுக்கு மேல கேட்டுட்டு இருக்கறாங்க. சாயங்காலம் கோயல் திடல்ல நானே ஆரம்பிச்சுக்கலாமுங்களா?" என்றுதான் கேட்டான்.

வகுப்பு முடிந்து எக்ஸெல் வண்டியில் கம்புகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். கயிற்றின் மறுமுனையை அவன் பிடித்திருந்தான். நாலைந்து நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறான் என்பது குரலிலேயே தெரிந்தது. நான் யோசிக்கவே இல்லை. முடிச்சை இறுக்குவதற்குள் பதில் வந்துவிட்டது. எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதைத்தான் இன்றுவரை நோண்டிக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக வரும் பிள்ளைக்குச் சுருள்வாளை யார் கொடுக்கப் போகிறார்கள்? முதலில் கம்பே கிடையாது, காலடி மட்டும்தான். அது படிந்த பிறகு கம்பு, வீச்சு, வணக்கம் வைத்து ஆடுகிற சலாம் வரிசை. சுருள்வாள் வரைக்கும் வந்து சேர வருடக்கணக்கில் ஆகும். அதற்குள் பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்து பாதிப் பேரை வீட்டில் உட்கார வைத்துவிடும். வீசுகிறவனையே முதலில் வெட்டப் பார்க்கிற ஆயுதம் அது. பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் காலடி சொல்லிக்கொடுக்க அது எதற்கு? இது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் அதைக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டான்.

"நீங்க எப்பங்க மாஸ்டர் ஆரம்பிச்சீங்க?"

"அது வேற கதை" என்றேன். "சரிங்க மாஸ்டர்" என்று கயிற்றை விட்டுவிட்டான். அவ்வளவுதான் பேச்சு.

என் மனதில் இருந்த காரணம் வேறு. அதற்கு முந்தின வாரம் புதுப் பிள்ளைகளை அவன் பொறுப்பில் விட்டிருந்தேன். வீச்சு செய்து காட்டினான். எதிரே முகம் பார்த்து நின்று செய்தால் நம் வலது அவர்களுக்கு இடது, பிள்ளைகள் குழம்பிவிடும். அதனால் திரும்பி நின்று முதுகைக் காட்டிச் செய்தான். குறை சொல்ல முடியாத வீச்சு. பின்னால் மூன்றாவது வரிசையில் இரண்டு வாண்டுகள் பேசிக்கொண்டே நெருங்கி வந்துவிட்டார்கள். இரண்டு கம்பு தூரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழம்கூட இல்லை. இரண்டு பேர் கையிலும் கம்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. தூரத்திலிருந்து நான் ஒரு சத்தம் போட்டேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. சத்தம் கேட்டு அவன் என்ன செய்தான் என்றால், குனிந்து தன் காலைப் பார்த்தான். காலடி தப்பிவிட்டதாக்கும், அதற்குத்தான் மாஸ்டர் சத்தம் போடுகிறார் என்று நினைத்துவிட்டான்.

விரல் கணுவில் அடி பட்டால் வீங்கி வற்றிவிடும். கண்ணில் பட்டால் வற்றாது. அதனால்தான் எதிரே நின்று, இடது கையால் சுற்றிக்கொண்டே வாயால் "வலது" என்று சொல்லப் பழக வேண்டும். எனக்கு அது படியவே வெகு நாளானது. இதை அவனிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். "நீ உன்னயே பாத்துக்கிட்டு இருக்கற, பசங்களப் பாக்கல" என்று. ஆனால் அப்படி ஒரு வார்த்தையைக் கயிறு கட்டுகிற நேரத்தில் எப்படிச் சொல்வது? இருபது வயதுப் பையன் அதைக் குணத்தைப் பற்றிய குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வான். சுருள்வாள் என்றால் வம்பில்லை. வருகிறது, இல்லை வரவில்லை. யாரும் மனம் நோக வேண்டியதில்லை.

சரி, அதுவரைக்கும் நியாயம் என் பக்கம் இருப்பதாகத்தான் படுகிறது. அடுத்த கேள்வியில்தான் தடுமாறுகிறேன். முதுகைக் காட்டி நிற்கும் பழக்கம் ஒரு வருடம் காத்திருந்தால் போய்விடுமா? சொல்லிக்கொடுத்தால்தான் போகும். பிள்ளைகள் முன்னால் நின்று, இரண்டு தடவை நெஞ்சு பதறினால்தான் போகும். எந்தக் குறைக்காக அவனை நிறுத்தினேனோ, அந்தக் குறை நிறுத்தி வைத்திருக்கிற வரைக்கும் தீராது.

என் வகுப்பிலேயே வைத்துப் பழக்கலாமே என்று கேட்பீர்கள். பழக்கத்தான் செய்தேன். ஆனால் நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் அவன் சொல்வதைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். அவனும் பார்க்கிறான். ஒரு பிள்ளை அழுதால் முடிவு எடுக்கிற இடம் நான்தான் என்று எல்லாருக்கும் தெரியும். பொறுப்பு முழுதாகத் தலைமேல் விழாமல் கண் எப்படித் திறக்கும்? சில நாள் வேண்டுமென்றே லேட்டாகப் போனேன். போய்ப் பார்த்தால் எனக்காகக் காத்துக்கொண்டு எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவன் ஊரிலிருந்து என் வகுப்புக்கு ஆறேழு பிள்ளைகள் வருகிறார்கள். அங்கேயே வகுப்பு வந்தால் அவர்கள் ஏன் இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்க வேண்டும்? பகலில் பனியன் கம்பெனி கட்டிங் செக்‌ஷன், சாயங்காலம் இந்த வகுப்பு. இதில் வருகிற பணம் பெரிய பணம் இல்லை, ஆனால் இல்லாமலும் முடியாது. பதில் சொன்ன அந்த நொடியில் இந்தக் கணக்கு என் மனதில் ஓடியதா? ஓடவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கணக்குப் போட்டுத்தான் மனது கணக்குப் பார்க்க வேண்டும் என்பது இல்லையே.

அதே சமயம் வெளியே நடப்பதைப் பார்த்தால் என் பதில் சரி என்று தோன்றிவிடுகிறது. 2021ல் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக வந்தது. நல்லதுதான். கோமாளித்தனம் என்று சிரித்த ஊரே இன்று பிள்ளைகளைக் கூட்டிவந்து நிறுத்துகிறது. ஆனால் வந்ததும் முதல் கேள்வி, "சர்ட்டிபிகேட் எப்பங்க கிடைக்கும்?" இந்தக் கேள்விக்குப் பதிலாக ஊருக்கு ஊர் ஃபிளெக்ஸ் முளைத்துவிட்டது. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, விரிந்துபோன மூங்கிலை இன்சுலேஷன் டேப் சுற்றிப் பிள்ளை கையில் கொடுக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் பழகுகிற இந்தப் பையன் அப்படி இல்லை. வகுப்புக்கு முன்னால் ஒவ்வொரு கம்பையும் உள்ளங்கையால் தடவி, சிலும்பு இருக்கிறதா என்று பார்ப்பவன் அவன் ஒருவன்தான். அப்படிப்பட்டவனைக் காத்திருக்கச் சொல்கிறோம். டேப் சுற்றுகிறவன் யாரையும் கேட்காமல் ஆரம்பித்துவிடுகிறான். தயாரா என்று கேட்கிறவன் கேட்டதனாலேயே பின்னால் நிற்கிறான்.

என் கதை "வேற கதை" என்றேனே, அது இவ்வளவுதான். என் வாத்தியார் சென்னிமலையில் குழித்தறி நெய்தவர். தறி மிதித்து மிதித்து முட்டி போய்விட்டது. ஒருநாள் கம்பு வைக்கிற அறைச் சாவியை என் கையில் கொடுத்து, "ரண்டு வாரம் நீ பாத்துக்க சாமி, வந்தர்றேன்" என்றார். அப்புறம் வரவே இல்லை. எனக்கு அப்போது சுருள்வாள் வராது. எந்தப் பிள்ளைக்கு வீசிங், எந்தப் பிள்ளைக்கு வலிப்பு என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாது. ஒரு பிள்ளை மயங்கி விழுந்த பிறகுதான் அந்த நோட்டே போட்டேன்.

பையனிடம் அந்தப் பதிலைச் சொன்ன பிறகு மனசு கேட்காமல் வாத்தியாரைப் பார்க்கப் போனேன். இப்போது காது கொஞ்சம் மந்தம். சத்தமாகக் கேட்க வேண்டியிருந்தது, தெருவுக்கே கேட்டிருக்கும். "ஏனுங்கய்யா, அன்னிக்கு எனக்குச் சொல்லிக்குடுக்கற பக்குவம் வந்துருச்சுன்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பக்குவமா? உன்னைய உட்டா அன்னிக்கு வேற ஆரு இருந்தா?"

அப்புறம் கூலி உயர்வு பற்றியும் பெட்ஷீட் விலை பற்றியும் பேசினார். நான் காபி குடித்துவிட்டு வந்தேன். வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருடம் அவர் என்னை எடை போட்டுத்தான் சாவியைக் கொடுத்தார் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் நான் அடுத்தவனை எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

பையன் கல்லூரியில் ஜூடோவும் பழகியவன். ஒருநாள் கம்பு எடுத்துவைக்கும்போது, யாரிடமோ சொல்வதுபோல, "ஜூடோவ ஆரம்பிச்ச கானோ ஜிகோரோவுக்கு அப்ப வயசு 21தானுங்க" என்றான். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். ராத்திரி போனில் தேடிப் பார்த்தேன். உண்மைதான். 1882ல் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் பன்னிரண்டு பாய் விரிக்கிற அளவு இடத்தில் கோடோகான் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கியிருக்கிறார். அதற்கு முன், ஜூடோவுக்கு மூலமான ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியக் கலையைப் பழகியது ஐந்து வருடம்போல. முதல் இரண்டு ஆசிரியர்களும் அடுத்தடுத்து இறந்துபோக, மூன்றாமவரிடம் போயிருக்கிறார். அந்த மூன்றாமவர் கித்தோ என்ற ஜுஜுட்சு முறையில் முழுத் தகுதிச் சான்று கொடுத்தது 1883ல். அதாவது பள்ளி தொடங்கிய அடுத்த வருடம். அதே 1883ல் தன் மாணவர்கள் இரண்டு பேருக்கு முதல் டான் தரத்தைக் கொடுத்தவரும் அவரேதான். இன்றைக்குக் கராத்தேக்காரர்கள் வரைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிற அந்த அளவுகோலை உண்டாக்கியவர், தன் சான்று கைக்கு வரும் முன்பே கடை திறந்தவர்.

இந்தச் சான்று விஷயம் பையனுக்குத் தெரிந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பான். நானும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? கானோ ஒரு ஆள். அவரைப்போல 21 வயதில் ஆரம்பித்து, பிள்ளைகளின் முட்டியையும் முதுகையும் கெடுத்தவர்களை யாரும் எழுதி வைப்பதில்லை. இந்த வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் இதே வாதத்தை என் வாத்தியார் வைத்திருந்தால் நான் இன்றைக்கு வெறும் கட்டிங் மாஸ்டர்தான்.

டான், பெல்ட் என்று இருந்தால் நமக்கும் சுலபமாக இருக்கும் என்று சில சமயம் நினைப்பேன். ஆனால் பெல்ட் பரீட்சையிலும் ஆடுகிறவன் ஆட்டத்தைத்தானே பார்க்கிறார்கள். கடைசி வரிசையில் நிற்கிற இடது கைக்காரப் பிள்ளை இவன் கண்ணில் படுகிறதா என்று யார் பரீட்சை வைக்கிறார்கள்? வைப்பதென்றாலும் எப்படி வைப்பது?

இந்தப் பங்குனியில் மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டிருந்தபோது அவன் சுருள்வாள் எடுத்தான். எங்கே யாரிடம் பழகினான் என்று கேட்கவில்லை. என்னிடம் பழகியது பாதிதான். இரண்டு கையிலும் எடுத்துச் சுற்றினான், கூட்டம் தானாக விலகி வட்டம் போட்டது. என்னைவிட நன்றாகச் செய்தான். வீசிக்கொண்டே, முன்னால் வந்த ஒரு சின்னப் பையனைப் பார்த்து நிறுத்தினானா, இல்லை அந்த இடத்தில் வரிசையே முடிந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. நிறுத்தினான் என்று வைத்துக்கொண்டால் என்னிடம் மிச்சம் இருந்த காரணமும் போயிற்று.

முடித்துவிட்டு வந்து காலைத் தொட்டான். இப்போது கேட்பான் என்று நின்றேன். கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. அவன் கேட்டால்தானே சொல்ல முடியும் என்று ஒரு மனம். "அது வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றவன் நான், பார்க்க வேண்டியதும் நான்தானே என்று இன்னொரு மனம்.

போன வாரம் அவன் ஊரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "ஏனுங்க மாஸ்டர், புள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியலைங்க. எங்கூர்ப் பக்கத்துல சொல்லிக்குடுக்கறவங்க ஆராச்சும் இருக்காங்களா?"

"விசாரிச்சுச் சொல்றேனுங்க" என்று வைத்துவிட்டேன். நேற்று மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார். மிஸ்டு கால் கிடக்கிறது.